ஒரு பேரேடு, ஏழு பேர், ஆறு நாள்: கோத்தகிரியில் எண்ணிம மானுடவியல் மேற்பயிற்சி நடத்தும் முறை

கோத்தகிரி மண்டிக்காரர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பேரேடு ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, எலி கடித்த மூலை, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. உள்ளே ஒரு வரி இப்படி இருக்கிறது: ௸ ௳ உ. கி. ௫ மணங்கு ௹ ௭. பழக்கப்பட்ட கண்ணுக்கு அரை நொடி வேலை. மேற்படி நாள், உருளைக்கிழங்கு 5 மணங்கு (பழைய எடை அளவு), ரூபாய் 7.

இந்த வரியைப் படம் பிடித்து, எழுத்தாக்கி, அட்டவணையில் ஏற்றி, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய கிழங்கு மூட்டைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ஆய்வாளர் பயன்படுத்துகிறார். "உங்கள் அட்டவணையில் எத்தனை பிழை இருக்கக்கூடும்?" என்று யாராவது கேட்டால் அவர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைச் சொல்லக் கற்றுத்தருவதுதான் மேற்பயிற்சி. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி மலையேறி வர வேண்டியதில்லை.

இந்தத் துறையின் பெயரே தமிழில் இன்னும் நிலைக்கவில்லை. எண்ணிம மானுடவியல் என்கிறார்கள். கேட்பவர் பழங்குடி ஆய்வு என்று நினைத்துக்கொள்கிறார். மானுடப் புலங்கள் என்றால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. வழக்கில் இருப்பதையே நானும் எழுதுகிறேன். இலக்கியம், வரலாறு, மொழியியல், கல்வெட்டியல், நாட்டார் வழக்காறு ஆகியவற்றில் இருப்பவர்கள் கணினியைக் கொண்டு தங்கள் மூலங்களைக் கேள்வி கேட்பது என்று பொருள் கொள்ளுங்கள்.

மேல்நாட்டில் இதற்கு நிலையான அமைப்புகள் இருக்கின்றன. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 2001இல் கோடைப் பயிலரங்கு தொடங்கியது. அமெரிக்காவின் மானுடப் புலங்களுக்கான தேசிய அறக்கட்டளை இத்துறையின் மேம்பட்ட தலைப்புகளுக்கென்றே தனி நல்கைத் திட்டம் வைத்திருந்தது. அந்த முறைகளில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. வருகிறவர் தன் சொந்தத் திட்டத்தோடு வர வேண்டும், திரும்பிப் போய் வேறு நான்கு பேருக்குக் கற்றுத்தர வேண்டும். எடுத்துக்கொள்ளக் கூடாதது, அவர்களுடைய பாடத்தை அப்படியே கொண்டுவருவது. இருபத்தாறு எழுத்துக்காரர்களின் பாடத்திட்டத்தில் நம் இடர்களில் பாதி இருக்காது.

யாரைச் சேர்ப்பது

ஏழு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் பின் வரிசை என்று ஒன்று உருவாகிவிடும். பின் வரிசையில் உட்கார்ந்தவர் கைபேசி பார்ப்பார். முனைவர் பட்ட ஆய்வாளர் மூவர், கல்லூரி ஆசிரியர் இருவர், நூலகர் ஒருவர், ஊர்க்காரர் ஒருவர் என்பது என் கணக்கு. கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அறையில் இருந்தால், பழைய ஆவணத்தில் வரும் ஊர்ப்பெயர்களில் பாதியை அவரே அவிழ்த்துவிடுவார்.

தமிழ்த் தட்டச்சும் அட்டவணை மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் முன்நிபந்தனை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மூலத்தோடு வர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இருநூறு பக்கத்துக்குள் ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு மணி நேர ஒலிப்பதிவு, ஒரு பழைய வரைபடம், எதுவானாலும் சரி. "நீலகிரி வரலாறு என் தலைப்பு" என்று வெறுங்கையோடு வருகிறவரை அடுத்த ஆண்டு வரச் சொல்லுங்கள்.

மூலத்தோடு அனுமதியும் வர வேண்டும். அச்சான நூல் என்றால் இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். வீட்டுப் பேரேடு என்றால் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல், எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்ற குறிப்போடு. கடன் வாங்கியவர்களின் பேரன்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். பற்று வரவை அப்படியே இணையத்தில் ஏற்றினால் ஊரில் தலை காட்ட முடியாது.

எப்போது, எங்கே

ஏப்ரல், மே வேண்டாம். கோடை சீசனில் அறை வாடகை எகிறும், சாலை நிற்கும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பரில் மண்சரிவும் மரம் விழுவதும் வாடிக்கை. பிப்ரவரி, மார்ச் நல்லது. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த முறை வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் ஏறிவிடுவது இன்னும் எளிது.

இணையத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். காற்று அடித்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். எல்லா மென்பொருள்களையும், தமிழ் மொழிக் கோப்புகளையும், வரைபடத் துண்டுகளையும் சமவெளியில் இருக்கும்போதே இறக்கி, ஏழு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. ஏழு மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் ஒரே கைபேசி இணைப்பில் தொங்கின. முதல் நாள் காலை முழுவதும் தேநீர் குடித்தோம். நல்ல தேநீர்தான், ஆனால் அதற்காகக் கூடவில்லை.

முதல் நாள்: படம்

மலைக்கென்று ஒரு சலுகை இருக்கிறது. மூடுபனி சூழ்ந்த பகலில் சன்னலோரம் விழும் வெளிச்சம் நிழலே இல்லாமல் பரவும். ஸ்டுடியோவில் காசு கொடுத்து அமைப்பது அது. அந்த வெளிச்சத்தில் பக்கத்தை வைத்து, கேமராவைத் தாங்கியில் நேர்மேலே பொருத்தி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலும் வண்ண அட்டையும் படத்தில் விழ வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக் கூடாது; பேரேடு போன்ற நுண்ணெழுத்துக்கு 400. மூலப் படம் டிஃப் வடிவில் ஒன்று, வேலைக்கு ஜேபெக் ஒன்று.

சலுகையோடு தொல்லையும் வருகிறது. குளிரில் கிடந்த கேமராவை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோக்கும். பையோடு அரைமணி வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். பேரேட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிவைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை வரும். பருத்தித் துணி போதும். வர்க்கியை அடுத்த அறையில் சாப்பிடுங்கள். அதன் தூளும் நெய்ப்பசையும் பழைய காகிதத்தில் ஒருமுறை ஒட்டினால் போகாது.

கோப்புக்குப் பெயரிடுவதில் அரை மணி நேரம் செலவிடுங்கள். இடம், மூலம், ஆண்டு, மூன்றிலக்கப் பக்க எண். இடைவெளி கூடாது. "புதியது", "கடைசி", "கடைசி சரியானது" என்று பெயர் வைத்த நூற்றிருபது படங்களை மறுபடி வரிசைப்படுத்த எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அன்று மாலை கணக்கெடுங்கள்: புத்தகத்தில் எத்தனை பக்கம், எத்தனை படம். இரண்டும் ஒத்துப்போகாத ஒருவராவது ஒவ்வொரு முறையும் இருப்பார், இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருப்பார்.

இரண்டாம் நாள்: எழுத்து

பலர் இந்த நாளைத் தாண்டிப்போக நினைக்கிறார்கள். தமிழில் வேலை செய்கிறவருக்கு ஆறு நாளிலும் இதுவே அதி முக்கியம்.

கௌரி என்ற பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஏழு பேரும் செய்வார்கள், ஏழும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். பிறகு ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டும் சிறு நிரலில் போடுங்கள். சிலருடையது க, ௌ, ர, ி என்று நான்காகப் பிரியும். சிலருடையது க, ெ, ள, ர, ி என்று ஐந்தாகும். அதாவது அவர்கள் எழுதியது கெ-ள-ரி. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் இரண்டு பெண்கள். பழைய கோப்புகளில் மூன்றாவது வகை ஒன்றும் கிடைக்கும்: ஒற்றைக் கொம்பும் தனியான ஔகாரக் குறியும் சேர்ந்தது. யூனிகோடு சீர்மையாக்கம் இந்த மூன்றாவதை முதலாவதோடு சேர்த்துவிடும். ளகரம் போட்டதை எந்தச் சீர்மையாக்கமும் தொடாது, நீங்களே தேடித் திருத்த வேண்டும். ஸ்ரீயும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று, திரையில் இரட்டைப் பிள்ளைகள்.

இதைப் பார்த்ததும் அறையில் ஓர் அமைதி விழும். தங்கள் ஆய்வேட்டில் ஒரு சொல் இத்தனை முறை வருகிறது என்று எழுதியவர்கள் அந்த எண்ணை மனதுக்குள் திரும்பப் பார்க்கிறார்கள்.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் என்று பல குறியாக்கங்களில் கிடக்கின்றன. மாற்றிகள் இருக்கின்றன; மாற்றிய பிறகு முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். கிரந்த எழுத்தும் எண்ணும் அடுத்தடுத்து வரும் பக்கங்களைத் தேடிப் பாருங்கள், உடைவது அங்கேதான்.

பிறகு பேரேட்டுக்கு வாருங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றுக்கு யூனிகோடில் இடம் உண்டு. பின்னக் குறிகளுக்கு 2019இல்தான் இடம் கிடைத்தது. பல கணினிகளில் எழுத்துரு இல்லாமல் கட்டமாகத் தெரியும். தமிழ் எண்களோ உயிரை வாங்கும். ௧ கையெழுத்தில் ககரம், ௨ உகரம், ௭ எகரம், ௮ அகரம். ௫ அப்படியே ரு, ௬ சு. கால் என்பதன் குறி வகரம் போலவே இருக்கும். ஆகவே பேரேட்டில் "ரு" என்று கண்டால் அது ஐந்தா, ரூபாய் என்பதன் சுருக்கமா? வரியில் அது நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏழு பேரும் ஒரே பக்கத்தைத் தனித்தனியே படித்து எழுதி, ஒப்பிட்டு, எத்தனை இடத்தில் மாறுபட்டார்கள் என்று எண்ணுங்கள். மனிதரே ஏழு விதமாகப் படிக்கும் இடத்தில் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாறுபட்ட இடங்களைப் பட்டியலிட்டு, எதை எப்படி எழுதுவது என்று ஒரு பக்க விதிமுறை தயாரியுங்கள். வாரம் முழுக்க அது சுவரில் தொங்கட்டும்.

மூன்றாம் நாள்: எழுத்துணரி

படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்தான் எழுத்துணரி. அச்சு நூலுக்கு டெசராக்ட் போதும். 2005இல் திறந்த மூலமாக வெளிவந்த பழைய கருவி. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலைப்பின்னலில் இயங்குகிறது, தமிழுக்கான கோப்பு இலவசம். கையெழுத்துக்கு ட்ரான்ஸ்கிரிபஸ் அல்லது ஈஸ்கிரிப்டோரியம். முன்னதில் பக்கத்துக்குக் கட்டணம் உண்டு, பழக எளிது. பின்னதை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம், நிறுவுவதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். இணையம் தள்ளாடும் ஊரில் பின்னதையே நான் விரும்புகிறேன்.

அச்சு நூலிலும் ஒரு பள்ளம் உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் வழக்கொழிந்தன. அதற்கு முந்தைய நூல்களில் யானைத் தும்பிக்கை போட்ட னையும், கீழே சுழித்த றாவும் வரும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய இயந்திரம் அங்கே தடுமாறும். பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் புது வடிவத்தைப் புழங்கியதால் அந்த இதழ்கள் பழையவை என்றாலும் எளிதாகப் படிக்கும். ஆண்டை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இயந்திரத்தைப் பழக்குவதற்கு முதலில் முப்பது பக்கம் கையால் எழுதிச் சரிபாருங்கள். இருபத்தைந்தைப் பழக்கக் கொடுங்கள், ஐந்தை ஒளித்து வையுங்கள். பழகிய பிறகு அந்த ஐந்தை மட்டும் படிக்க வைத்துப் பிழையை எண்ணுங்கள். பழக்கிய பக்கங்களிலேயே தேர்வு வைப்பது கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்ததற்குச் சமம். பெரிய பெரிய திட்ட அறிக்கைகளில்கூட இந்தத் தில்லுமுல்லு, தெரிந்தோ தெரியாமலோ, நடக்கிறது.

எண்ணும்போது எதை எண்ணுகிறோம் என்று கேளுங்கள். "மொழி" என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு ம, ொ, ழ, ி என்று நான்கு. இயந்திரம் "மெழி" என்று படித்துவிட்டால் கணினிக் கணக்கில் நான்கில் ஒன்று பிழை, நம் கணக்கில் இரண்டில் ஒன்று. மென்பொருள் காட்டும் சதவீதம் பெரும்பாலும் முதல் வகை. ஆகவே நம் கண்ணுக்குப் படுவதைவிடத் தரம் உயர்வாகத் தெரியும். இரண்டையும் எழுதிவையுங்கள்.

சதவீதத்தைச் சொல்லாக மாற்றியும் பாருங்கள். 96 சதவீதம் சரி என்றால் காதுக்கு இனிக்கிறது. ஏழு குறி கொண்ட ஒரு சொல் முழுதும் சரியாக வர 0.96ஐ ஏழு முறை பெருக்க வேண்டும், 0.75 வருகிறது. அதாவது நான்கு சொல்லில் ஒன்று உடைந்திருக்கும். சொற்களைத் தேடும் ஆய்வுக்கு இது பெரிய ஓட்டை. எந்த ஊர் எந்த ஆண்டில் வருகிறது என்று மேலோட்டமாகப் பார்ப்பதற்குப் போதும். போதுமா போதாதா என்பதை உங்கள் கேள்விதான் முடிவுசெய்யும், மென்பொருள் விற்பவர் அதைச் சொல்ல முடியாது.

இப்போது எல்லோரும் பிழையைத் திருத்த செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கொடுக்கிறார்கள். கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: திரும்பி வருவதைத் தனிக் கோப்பில் வையுங்கள், மூலப்படியை மூடிவிடாதீர்கள். அவை பழைய எழுத்துமுறையைப் புதியதாக்கிவிடும், வட்டார வழக்கைச் "சரி" செய்யும், படிக்க முடியாத இடத்தில் அழகான ஒரு சொல்லை இட்டு நிரப்பும். ஒருமுறை மண்டிக் கணக்கில் உ. கி. என்பது உளுந்து கிலோவாக வந்தது. கிலோ வந்திராத காலத்துப் பேரேடு அது. ஒளித்துவைத்த ஐந்து பக்கங்களில் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அப்போது தெரியும்.

நான்காம் நாள்: அட்டவணை

வரிகள் அட்டவணையாகும் நாள். ஒரு விதி: மூலத்தில் உள்ளபடி ஒரு பத்தி, நீங்கள் புரிந்துகொண்டபடி பக்கத்தில் இன்னொரு பத்தி. முதலாவதை யாரும் தொடக் கூடாது. 5 மணங்கு என்பதை நேரே கிலோவாக்கி எழுதிவிட்டால், பின்னால் கணக்குத் தவறு என்று தெரியும்போது திரும்பிப்போக வழி இருக்காது. சென்னை மணங்கு 25 பவுண்டு, ஏறத்தாழ 11.3 கிலோ, 8 வீசை ஒரு மணங்கு, 40 பலம் ஒரு வீசை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை; 1957இல் நயா பைசா வந்தது. இந்த மாற்றங்களைத் தனித் தாளில் எழுதி, கணக்கைச் சூத்திரத்தால் நடத்துங்கள்.

பெயர்களைச் சேர்க்க ஓபன்ரிஃபைன் நல்ல கருவி. உதகமண்டலம், உதகை, ஊட்டி, ஒத்தைக்கல்மந்து எல்லாம் ஒரே ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரியாது. அதில் உள்ள ஒலிவழித் தொகுப்பு முறைகள் ஐரோப்பிய மொழிகளுக்கானவை, தமிழுக்கு உதவா. எழுத்து வேறுபாட்டை எண்ணும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் ஹட்டிப் பெயர்களில் அவசரப்படும். ஓரெழுத்து மட்டுமே மாறும் இரண்டு ஊர்களை ஒன்றாக்கப் பார்க்கும். ஒவ்வொரு இணைப்பையும் ஊர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம், இல்லை என்று சொல்லட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரை ஏன் அழைக்கச் சொன்னேன் என்று இப்போது தெரியும்.

குறியிடல் மொழியான டிஇஐயை இதே நாள் மாலை தொட்டுக் காட்டினால் போதும். 1987இல் தொடங்கிய தரநிலை, இன்றும் உயிரோடு இருக்கிறது. தெளிவற்றது, கிழிந்தது, சுருக்கம், அடித்தது, வரிகளுக்கிடையே சேர்த்தது ஆகிய ஐந்துக்கும் குறியிடத் தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பக்கம் ஓடிவிடும். அதன் விதிநூல் முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்க நினைத்தவர் யாரும் தொடங்கியதாக நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள்: வரைபடமும் குரலும்

இங்கே இரு குழுவாகப் பிரியுங்கள்.

வரைபடக் குழு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய நில அளவைத் தாளை இன்றைய புவியிடத்தோடு பொருத்தும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக, அதாவது பழைய தாளிலும் இன்றைய படத்திலும் ஒன்றென்று காட்டும் இடங்களாக, ஓடைகளை எடுக்காதீர்கள். பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி அணைகள் வந்தபின் பழைய ஓடைப் படுகைகள் பல நீருக்கடியில் இருக்கின்றன. மலைமுகடு, தேவாலயம், மலை ரயில் பாதையின் பாலங்கள், குகைப் பாதைகள் நம்பிக்கையானவை. மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி 1899இலும், உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கியது என்பதால் உங்கள் தாள் எந்த ஆண்டுடையது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவி வடிவக் கணக்கில் வரையப்பட்டவை. அதைக் கவனிக்காமல் இன்றைய புவி வடிவக் கணக்கில் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் கோத்தகிரியும் கொடைக்கானலும் 43ஆம் மண்டலம், மதுரை 44. பழனி மலையையும் மதுரையையும் ஒரே படத்தில் போடுகிறவர்கள் இங்கே வழுக்குவார்கள்.

மென்பொருள் கடைசியில் எஞ்சிய பிழை என்று ஓர் எண்ணைக் காட்டும். ரப்பர் தாள்போல இழுத்துப் பொருத்தும் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது சுழியம் காட்டும். மகிழ்ந்துவிடாதீர்கள், கொடுத்த புள்ளிகளில் இழுத்து ஒட்டிவிட்டது, இடையில் உள்ள இடங்களைப் பற்றி அந்தச் சுழியம் எதுவும் சொல்லவில்லை. நான்கு புள்ளிகளை முன்பே ஒளித்துவைத்து அவற்றில் அளந்து பாருங்கள். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே முப்பது மீட்டர் இருக்கும். ஐந்து மீட்டர் துல்லியம் என்று யாராவது கட்டுரையில் எழுதினால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். பழங்குடியினரின் வழிபாட்டு இடங்களையும் ஈமக் களங்களையும் துல்லியமான புள்ளியாக வெளியிடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் வரைபடம் படிப்பார்கள்.

குரல் குழுவுக்கு நீலகிரியைப்போல இடம் அமையாது. தொதவம், கோத்தம், படுகு, இருளம், குறும்பர் மொழிகள், பணியர் மொழி என்று ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை. மானுடவியலாளர் ரிவர்ஸ் தொதவர்களைப் பற்றிய நூலை 1906இல் வெளியிட்டார். மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கே தங்கிக் கேட்டெழுதிய தொதவ உரைகளும் இலக்கணமும் 1984இல் நூலாயின. ஐம்பது ஆண்டு வேலை அது. அவர் காதால் செய்ததை நீங்கள் ஈலான், பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருள்களில் செய்யப்போகிறீர்கள். பதிவை வேவ் வடிவில், நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட். எம்பி3 வேண்டாம், உரசொலிகள் அதில் தேயும். தொதவத்தில் ரகரம் மட்டுமே பிறக்கும் இடத்தால் மூன்று வகை. தமிழ் எழுத்து போதாது, பன்னாட்டு ஒலிநெடுங்கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டும்.

2022இல் வந்த விஸ்பர் போன்ற பேச்சுணரிகள் தமிழைக் கேட்டு எழுதுகின்றன. படுகு மொழியையோ தொதவத்தையோ அவற்றுக்குக் கொடுத்தால் தெரியாது என்று சொல்லாது. தமிழாகவோ கன்னடமாகவோ நினைத்து வாய்க்கு வந்ததை வரிவரியாக எழுதிக் கொடுக்கும். வகுப்பில் ஒருமுறை செய்து காட்டுங்கள், சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். கையால் எழுத ஒரு நிமிடப் பேச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்தில் அவர்கள் மொழியிலேயே வாங்குங்கள், பின்னால் திரும்பப் பெறும் உரிமையையும் சொல்லுங்கள். சாவுச் சடங்குப் பாட்டைச் சிலர் பாடிக் காட்ட மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். எதைக் கேட்கலாம், யாரை அணுகலாம் என்பதற்கு முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் முன்கூட்டியே பேசிவிட்டு வருவது நல்லது.

ஆறாம் நாள்: வைப்பு

காலையில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். மூலம் எங்கிருந்து வந்தது, யார் அனுமதித்தார், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எத்தனை பக்கத்தில் சோதித்தோம், எத்தனை பிழை, எதை எண்ணினோம். இந்தப் பக்கம் இல்லாத தரவை வேறு ஆய்வாளர் தொட முடியாது. கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியை இந்தக் காலையில் இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுங்கள். நேற்று எதை மாற்றினோம் என்று அது சொல்லும், நம் ஞாபகம் சொல்லாது.

மூன்று படி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். மலையில் ஒன்று இருந்தால் கோயம்புத்தூரில் ஒன்று இருக்கட்டும். வெளியிடத் தக்கதை ஸெனோடோ போன்ற வைப்பகத்தில் போட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும், கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். அச்சு நூல் என்றால் தமிழ் விக்கிமூலத்தில் சேர்ப்பதை நான் ஒரு படி மேலாக வைப்பேன். அங்கே பிழை திருத்த ஆட்கள் வருவார்கள்.

பிற்பகலில் மண்டிக்காரர் வீட்டுக்கு எல்லோரும் நடந்து போங்கள். பேரேட்டைத் துணியில் சுற்றியபடி திருப்பிக் கொடுங்கள். கூடவே அச்செடுத்து ஸ்பைரல் போட்ட படி ஒன்று. பென்டிரைவ் கொடுத்தால் மேசை அறைக்குள் போய்ச் சாவிக்கொத்தோடு கிடக்கும். சென்ற முறை அந்த வீட்டுப் பெரியவர் ஸ்பைரல் படியைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, "இது ஐந்து மணங்கு இல்லை, ரூபாய். எங்கள் அப்பா அப்படித்தான் எழுதுவார்" என்றார். பிழைப் பட்டியலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.